நாலு லட்சம் ஜன்னல் வைத்த கூரை

சல்லடைக்காரரின் அக்கா குழந்தைகள் காப்பகம் ஒன்று நடத்திவந்தாள். மூன்று மாடிக் கட்டடத்தில் மேல்தளம் முழுக்க அவளுடைய வாடகையில் இருந்தது. உள்ளே இரண்டு அறை. ஒன்றில் தூங்கலாம், ஒன்றில் சாப்பிடலாம். ஓடவும் விழவும் மறுபடி எழுந்து ஓடவும் மொட்டைமாடிதான். மொத்தம் இருபத்திரண்டு வாண்டுகள். மூத்ததற்கு நான்கு வயது. அது தன்னை அக்காவின் உதவியாளராக நினைத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் ஒரு வாண்டு வீசிய ரப்பர் பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தெருவில் போய்க்கொண்டிருந்த ஒருவரின் வழுக்கைத் தலையில் விழுந்து, எகிறி, போன வழியே திரும்பி வந்து அதே தலையில் இன்னொரு தரம் விழுந்தது. ஊரில் எத்தனையோ தலை இருக்க, அது நகர மொட்டைமாடி ஒழுங்கு வாரியத்தின் துணைச் செயலாளருடைய தலையாகப் போய்விட்டது.

மறுநாள் காலையிலேயே கடிதம் வந்தது. "தங்கள் மொட்டைமாடி வானத்தை நோக்கித் திறந்த நிலையில் இருப்பது வாரியத்தின் கவனத்துக்கு நேரடியாக வந்து சேர்ந்துள்ளது. முப்பது நாட்களுக்குள் தகுந்த மேல்மறைப்பு அமைக்கப்படாவிட்டால் காப்பகம் மூடப்படும்."

"மொட்டைமாடி வானத்தைப் பாக்காம எதிர்வீட்டையா பாக்கும்?" என்று அக்கா கத்தினாள். கத்திவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பிக்குச் சல்லடைக்காரர் என்ற பெயர் தொழிலால் வந்தது. மாவு மில்லுக்குச் சல்லடை, மணல் சலிக்கும் வலை, கொசுவலைக் கம்பி எல்லாம் அவருடைய பட்டறையில் உருவாகின்றன. எட்டடி அகலத் தறி ஒன்று வைத்திருந்தார். நூலுக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. பாவுக் கம்பிகளை நெடுக்காக இழுத்துக் கட்டி, ஊடைக் கம்பியைக் குறுக்கே அடித்து அடித்து நெய்வார். நெய்து முடித்தால் தகட்டைப் போல உறுதி, சேலையைப் போல மடங்கும்.

அக்காவின் மாடிக்கு வந்து, நடுப்பகலில் வெறுங்காலோடு நின்று பார்த்துவிட்டுத் துள்ளிக்கொண்டே நிழலுக்கு ஓடினார்.

"தகரம் போட்டா அடுப்பு ஆயிடும். பிளாஸ்டிக் துணி கட்டினா ஒரே காத்துல பக்கத்துத் தெருவுக்குப் போயிடும். நான் பட்டைக் கம்பியில நெய்ஞ்சு தரேன்க்கா. வெயில்ல பாதியை நிறுத்தும், காத்தை முழுசா விடும், பந்தைச் சுத்தமா விடாது."

"பிள்ளைங்க விரலை விட்டா?"

"விரல் நுழையாத கண்ணுதான் வைப்பேன்."

பன்னிரண்டு நாளில் நெய்து முடித்தார். நாற்பத்தெட்டு சதுர மீட்டர். சுருட்டி, நாலு பேர் தோளில் ஏற்றி மாடிக்குக் கொண்டுவந்து, நாலு மூலையிலும் இரும்புத் தூண் நட்டு, எஃகுப் புரிக்கயிறு இழுத்துக் கட்டினார். மேலே விரித்ததும் தரையில் கட்டம் கட்டமாக நிழல் விழுந்தது. வாண்டுகள் அந்தக் கட்டங்களில் நொண்டி அடிக்க முயன்று கும்பலாக விழுந்தன. வேலை முடிந்தது என்று சல்லடைக்காரர் நினைத்தார். வேலை தெரிந்தவருக்கு உலகம் தெரியாது என்பது சரிதான்.

"அனுமதி வாங்கிட்டியா?" என்றாள் அக்கா.

"அவங்கதானே போடச் சொன்னாங்க?"

"போடத்தான் சொன்னாங்க. போடலாம்னு சொல்லலையே."

மொட்டைமாடி ஒழுங்கு வாரியம் ஒரு பெரிய கட்டடத்தின் நிலவறையில் இருந்தது. படியிறங்கிப் போக வேண்டும். உள்ளே ஜன்னல் கிடையாது. பகலிலும் குழல் விளக்கு எரியும். நுழைந்ததும் சுவரில் கொட்டை எழுத்தில், 'வானத்துக்கும் உங்களுக்கும் நடுவே நாங்கள்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. கூரையிலிருந்து அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

முதல் மேசையில் இருந்த அம்மாள் தலை நிமிராமல் கேட்டாள். "என்ன கூரை? ஓடா, தகரமா, கான்கிரீட்டா?"

"நெய்ததுங்க."

"நெய்ததுன்னா துணி."

"இரும்புங்க."

"அப்போ தகரம்."

"கண்ணு கண்ணா ஓட்டை இருக்குங்க."

"அப்போ பழைய தகரம்," என்று அவள் எழுதப் போனாள்.

சல்லடைக்காரர் பதறிப்போய், பையிலிருந்து ஒரு முழம் மாதிரியை எடுத்து மேசையில் வைத்தார். அது விளக்கு வெளிச்சத்தில் மீன் செதில் மாதிரி மின்னியது. அம்மாள் அதைத் தொட்டாள், மடித்தாள், பிரித்தாள், ஒரு தரம் தன் தோளில்கூடப் போட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு பெருமூச்சு விட்டு, 'பிற' என்ற கட்டத்தில் டிக் அடித்தாள். "பிறன்னு போட்டா எல்லாப் பிரிவுக்கும் போகணும் சார். முதல்ல ஒழுகல் பிரிவு."

ஒழுகல் பிரிவின் பொறியாளர் ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம் உள்ளவர். மாதிரியை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே விரித்து, வாசலில் இருந்த வாளியையே எடுத்துவந்து அதன்மேல் கவிழ்த்தார். தண்ணீர் மொத்தமும் நேராகத் தரைக்குப் போய், அங்கிருந்து அவருடைய செருப்புக்குப் போனது.

"ஒழுகுது," என்றார்.

"ஆமாங்க. ஒழுகணும்னுதான் செஞ்சது. தண்ணி நின்னா பாரம் ஏறிடும்."

"எந்த இடத்துல ஒழுகுது?"

"எல்லா இடத்துலயும்ங்க."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. "இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ். ஒழுகவே ஒழுகாதுன்னு சத்தியம் பண்ணின கூரை எல்லாம் ஒழுகிப் பாத்திருக்கேன். ஒழுகும்னு சொல்லிட்டு, சொன்ன மாதிரியே ஒழுகின கூரை இதுதான் தம்பி முதல்."

"அப்போ பாஸ் போட்டுடுவீங்களா?"

"அது எப்படி? ஒழுகுதே." அந்த நேரம் மேலேயிருந்து ஒரு சொட்டு அவருடைய கோப்பில் விழுந்தது. அவர் பழக்கப்பட்ட கையால் நாற்காலியை அரையடி நகர்த்திப் போட்டுக்கொண்டு எழுதினார்: 'விண்ணப்பதாரரின் கூரை உள்நோக்கத்துடன் ஒழுகுகிறது. திறப்புகள் பிரிவின் கருத்துக்கு அனுப்பலாம்.'

திறப்புகள் பிரிவில் ஒரே ஒரு அதிகாரி, நடுவயதுப் பெண். மேசை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. சல்லடைக்காரரைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "உக்காருங்க, உக்காருங்க. இந்தப் பிரிவுக்கு ஆள் வந்து பதினோரு வருஷம் ஆச்சு. மூடிடுவாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்." தண்ணீர் கொடுத்தார். குடும்பத்தை விசாரித்தார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து, குரலை மாற்றிக்கொண்டார்.

"கூரையில இருக்கிற ஒவ்வொரு திறப்பும் விதிப்படி ஒரு ஜன்னல். உங்க கூரையில எத்தனை ஜன்னல்?"

சல்லடைக்காரர் மனக்கணக்கில் கெட்டி. "ஒரு மீட்டருக்கு நூறு கண்ணு. நூறுக்கு நூறு பத்தாயிரம். நாப்பத்தெட்டு மீட்டர்… நாலு லட்சத்து எண்பதாயிரம்ங்க."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "ஒரு ஜன்னலுக்கு ஒரு படிவம்."

"எல்லாம் ஒரே மாதிரி ஜன்னல்தானேங்க? ஒரே படிவத்துல…"

"பிள்ளைங்க ஒரே மாதிரி இருந்தா ஒரே பிறப்புச் சான்றிதழா வாங்குவீங்க?" அவர் ஒரு படிவத்தை நீட்டினார். "ஜன்னல் எந்தத் திசையைப் பாக்குது, கதவு உண்டா, தாழ்ப்பாள் உண்டா, அது வழியா அடுத்த வீடு தெரியுமா. அவ்வளவுதான், சுலபம்."

"எல்லாமே மேலதாங்க பாக்குது."

"மேலங்கிறது படிவத்துல இல்லையே. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. இதுல ஒண்ணு சொல்லுங்க."

"சூரியன் போற வழியில பாக்குதுங்க."

"அப்போ காலையில கிழக்கு, சாயங்காலம் மேற்கு. ரெண்டு படிவம்," என்றார் அவர் பரிவோடு.

சல்லடைக்காரர் ஒரு கட்டுப் படிவத்தைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வெளியே வந்தார். வெயிலில் நின்று கொஞ்ச நேரம் தன் பெயர் என்ன என்று யோசித்தார்.

அன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அப்பா அம்மாக்களை எல்லாம் அக்கா உட்கார வைத்தாள். ஆளுக்கு ஒரு கட்டு. ஒரு நர்ஸ், தன் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று தாழ்ப்பாள் பகுதியை மட்டும் நிரப்பினாள். ஒரு பஸ் ஓட்டுநர், "தாழ்ப்பாள் இல்லைன்னு எழுதி எழுதி எனக்கே பயமா இருக்கு, வீட்டைப் பூட்டினேனான்னு பாத்துட்டு வரேன்," என்று எழுந்து போனவர் திரும்பவில்லை. மூன்று சாயங்காலத்தில் ஆயிரத்துச் சொச்சம் படிவம் ஆனது. முப்பது நாளில் மீதி இருந்தது ஆறு.

நான்காம் நாள் இரட்டைப் பிள்ளைகளின் தாய் அவர்களுடைய பால் புட்டிகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காதீங்கக்கா. திடீர்னு மூடிட்டா நான் எங்க போவேன்? வேற இடம் கெடைச்சிருக்கு." இருபத்திரண்டு இருபதாயிற்று. அவர்கள் படியிறங்கிப் போனதும், அக்கா இரண்டு சின்னப் பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சல்லடைக்காரர் நிரப்பாத படிவக் கட்டை ஓரமாகத் தள்ளினார். "நான் நெய்யாமலே இருந்திருக்கலாம்க்கா."

"வாயை மூடு. நாளைக்கு நானும் வரேன்."

அக்கா வந்தாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் அவர்களும் வந்தார்கள். இருபது வாண்டுகள் கைகோத்து நிலவறைக்குள் இறங்கி, வாசலில் இருந்த வாளியைச் சுற்றி உட்கார்ந்து, ஒவ்வொரு சொட்டுக்கும் கைதட்டத் தொடங்கின. பன்னிரண்டு நிமிடத்தில் வாரியத் தலைவர் தம் அறையைவிட்டு வெளியே வந்தார். அவர் அப்படி வந்ததைப் பார்த்தவர்கள் அங்கே சொற்பம்.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேணாங்க. நீங்க மாடிக்கு வந்து ஒரு தடவை பாத்துட்டு, முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. வர்ற வரைக்கும் பிள்ளைங்க இங்கயே இருக்கட்டும்."

தலைவர் வாளிப் பக்கம் பார்த்தார். அங்கே உதவியாளர் வாண்டு, பொறியாளரின் செருப்பை வாளியில் மிதக்கவிட்டுக்கொண்டிருந்தது. "மதியமே வரோம்," என்றார்.

வாரியம் மொத்தமும் கிளம்பி வந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர்கள் ஒரு மொட்டைமாடிக்கு ஏறுவது அதுவே முதல் தடவை. முதல் மாடியில் தலைவர் இளைப்பாறினார், இரண்டாம் மாடியில் எல்லோரும் இளைப்பாறினார்கள். துணைச் செயலாளர் கோப்பைத் தலைக்குமேல் பிடித்தபடியே கடைசியாக ஏறினார். மேலே வந்ததும் எல்லோரும் வலைக்குக் கீழே ஒதுங்கினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. வலையின் கீழே காற்று ஓடியது. திறப்புகள் அதிகாரி அண்ணாந்து பார்த்து, "எவ்வளவு ஜன்னல்!" என்று தன்னை மறந்து சொன்னார். ஒழுகல் பொறியாளர் தூணில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நாற்காலி போட்டதும் தலைவருக்குப் பேச வேண்டும் போலிருந்தது. நாற்காலியையும் கூட்டத்தையும் ஒன்றாகப் பார்த்தால் அவருக்கு அப்படித்தான்.

"இந்த வாரியம் தொடங்கி இருபத்தாறு வருஷம் ஆச்சு," என்று ஆரம்பித்தார். "நான் பெருமையா சொல்றேன், எங்க அனுமதியோட கட்டின ஒரு கூரைகூட இதுவரைக்கும் இடிஞ்சு விழுந்ததில்லை." ஊழியர்கள் கைதட்டினார்கள். "ஏன்னா, இதுவரைக்கும் நாங்க ஒரு கூரைக்கும் அனுமதி கொடுத்ததில்லை." மறுபடி கைதட்டினார்கள், கொஞ்சம் பலமாகவே. "தாமதம் பண்றாங்கன்னு ஜனங்க பேசுறாங்க. தாமதம் இல்லை, பாசம். அனுமதியைக் கையில கொடுத்துட்டா அந்த மனுஷன் அப்புறம் நம்ம பக்கம் திரும்பிப் பாப்பாரா? மகளைக் கட்டிக்கொடுத்த வீடு மாதிரி ஆபீஸ் வெறிச்சோடிப் போயிடாது? இந்தச் சல்லடைக்காரர் இன்னைக்கு எங்க ஊழியர்கள் எல்லாரையும் தெரிஞ்சு வெச்சிருக்கார். அனுமதி கெடைச்சிருந்தா இந்த உறவு கெடைச்சிருக்குமா?"

எல்லோரும் சல்லடைக்காரரைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டுமோ என்று பயந்து, "கெடைச்சிருக்காதுங்க," என்றார்.

தலைவர் மகிழ்ந்துபோய் எழுந்து, மூலையில் தொங்கிய வலையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். "இது என்ன, ஒரு கம்பி மேல போகுது, அடுத்தது கீழ போகுது?"

"பாவும் ஊடையும்ங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறி இறங்கினாத்தான் பிரியாம நிக்கும்."

"பாவு, ஊடை!" தலைவர் சட்டென்று கையை எடுத்தார். "பாவும் ஊடையும் இருந்தா அது துணி. துணின்னா கூரை இல்லை. இத்தனை நாளா எங்களை ஏமாத்திட்டு இருந்திருக்கீங்க! விண்ணப்பம் தள்ளுபடி. மொட்டைமாடியில துணிக்கு எந்த அனுமதியும் கெடையாது. உலர்த்தல் விதிதான் பொருந்தும். காலையில காயப்போடணும், சாயங்காலம் பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடணும், சாணுக்கு ஒரு கிளிப் போடணும். அவ்வளவுதான். போங்க."

சல்லடைக்காரருக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. அக்கா மட்டும் நிதானமாகக் கேட்டாள். "காயப்போட அனுமதி வாங்கணுமாங்க?"

"துணி காயப்போட எவனாவது அனுமதி கேப்பானா?"

"அப்போ மேல்மறைப்பு இல்லைன்னு மூடச் சொன்னீங்களே, அது?"

தலைவர் துணைச் செயலாளரைப் பார்த்தார். கடிதம் எழுதியவர் அவர்தான். அவர் தலைக்குமேல் பிடித்திருந்த கோப்பை மெல்ல இறக்கினார். காற்று தலையைத் தடவிவிட்டுப் போனது. "கடிதத்துல கூரைன்னு எழுதலைங்க," என்றார் தயங்கி. "மேல்மறைப்புன்னுதான் எழுதினேன். காயுற துணியும் மறைக்கத்தான் செய்யுது."

"பிள்ளைங்க காலையில எட்டு மணிக்கு வந்து அஞ்சு மணிக்குப் போயிடுவாங்க," என்றாள் அக்கா. "அதுக்கப்புறம் துணியை நாங்க எடுத்துடுறோம்ங்க. ரொம்ப நன்றி."

தாம் தள்ளுபடிதான் செய்தோமா என்று தலைவருக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் படியிறங்கும் கவலை அதைவிடப் பெரிதாக இருந்தது.

சல்லடைக்காரர் இரண்டு பகல் வேலை செய்தார். வலையின் ஓரம் முழுக்க வளையம் கோத்து, வளையங்களை எஃகுப் புரியில் ஓடவிட்டு, மூலைக்கு ஒரு கப்பி மாட்டினார். கயிற்றை நாலு பேர் இழுத்தால் திரைச்சீலை மாதிரி விரியும். எதிர்ப்பக்கம் இழுத்தால் மடிந்து ஓரத்தில் ஒதுங்கும். கிளிப்புகளை வாண்டுகள் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பார்த்துப் பார்த்து மாட்டின. செய்து முடித்துப் பார்த்தபோது, முன்னைவிட இதுதான் நல்ல வேலை என்று சல்லடைக்காரருக்கே தோன்றியது. புயல் வந்தால் சுருட்டிக்கொள்ளலாம். இது தமக்கு முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வாரியத்துக்கு இந்த விஷயம் தெரிந்துவிடக் கூடாது என்று முடிவு செய்தார். அந்த வாரமே இரட்டைப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். புது இடத்தில் மாடி இல்லையாம். இருந்த நாளெல்லாம் சுவரைப் பார்த்தே அழுதார்களாம்.

வாரியம் சும்மா இருந்துவிடவில்லை. உலர்த்தல் மேற்பார்வையாளர் என்று ஒருவரை அனுப்பியது. ஒல்லியான மனிதர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. முதல் நாள் சாயங்காலம் குறிப்பேடும் கையுமாக ஓரமாக நின்றார்.

"சும்மாதானே நிக்கிறீங்க, அந்தக் கயித்தைக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் அக்கா.

"நான் பார்வையிட வந்தவன்மா."

"பிடிச்சுக்கிட்டே பாருங்க. கிட்டத்துல இன்னும் நல்லாத் தெரியும்."

பிடித்தார். மறுநாளும் பிடித்தார். மூன்றாம் நாள் அவரே கப்பிக்கு எண்ணெய் வாங்கிவந்தார். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. நான்காம் நாள் தலையைச் சொறிந்துகொண்டு ஒரு கடிதத்தை நீட்டினார். 'மேற்படி துணி தினமும் காயப்போடப்படுகிறது. ஆனால் துவைக்கப்பட்டதற்கான அடையாளம் இல்லை. துவைக்காத துணியைக் காயப்போடுவது வாரியத்தை ஏமாற்றுவதாகும். உடனடியாகத் திருத்திக்கொள்ளவும்.'

"என்னக்கா இது, இதைப் போய்த் துவைக்கணுமா?" என்று சல்லடைக்காரர் மறுபடி பழைய முகத்துக்குப் போனார்.

அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு வாண்டுகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு தண்ணீர்க் குவளை கொடுத்தாள்.

வெயில் ஏறுவதற்குள் தண்ணீர்த் தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டார்கள். இருபத்திரண்டு குவளைகளும் ஒன்றாக மேலே போயின. வலை வாங்கியது பாதி, மீதி எல்லோர் தலையிலும் மழையாக இறங்கியது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தொங்கிய வலை மின்னியது. அதன் வழியே வந்த காற்று நனைந்த துண்டு மாதிரி குளிர்ந்திருந்தது. அதுவரை யாரும் அந்த மாடியில் அப்படி ஒரு குளுமையைப் பார்த்ததில்லை. சல்லடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நிமிர்த்தி நின்றார்.

மேற்பார்வையாளர் மூலையில் ஒதுங்கி நின்று குறிப்பேட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டார். உதவியாளர் வாண்டு அவரைக் கண்டுபிடித்துவிட்டது. பின்னாலேயே மற்றவையும் வந்தன.

அன்று வாரியத்துக்குப் போன அறிக்கையில் மை கலைந்திருந்தது. ஆனாலும் படிக்க முடிந்தது: 'துணி நன்றாகத் துவைக்கப்பட்டது. நானும். நாளை மாற்றுச் சட்டையுடன் மறுபடி பார்வையிட அனுமதி கோருகிறேன்.'